‘வால்பாறை எஸ்டேட்’ பேஸ் கிட்டார்: பணம் கொடுக்கும் முன் அந்த நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள்

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கத்து இசைக் கலைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பழைய பேஸ் கிட்டார் (அடிநாதம் தரும் தடித்த தந்திக் கிட்டார்) விற்கும் ஒருவர் உலவுகிறார். அவரிடம் கடந்த மாசி மாதம் நான் 3,80,000 ரூபாயை இழந்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் எப்படி விற்கிறார் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோபி. இருபத்திரண்டு ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். பங்குனி, சித்திரை பிறந்தால் சென்னிமலை, காங்கேயம், பெருந்துறை என்று திருவிழா மேடைகளிலேயே இரவுகள் போகும். 2009இல் பெங்களூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1966ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றைப் பத்து நிமிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். கழுத்தின் பின்புறம் மெருகெல்லாம் போய், எங்கள் அப்பாரு பிடித்துப் பிடித்து வழவழப்பான ஏர் மேழிபோல இருந்தது. அடித் தந்தியை ஒருமுறை மீட்டினேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே மரத்தின் அதிர்வு விலாவில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த ஆசை என்னை விடவில்லை.

இந்தக் கிட்டார்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸையும், 1960இல் ஜாஸ் பேஸையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1965 ஜனவரியில் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவற்றைத்தான் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். தொழிற்சாலையில் பிறந்தவைதான் என்றாலும், இயந்திரம் வெட்டிய மரத்தைக் கையால் தேய்த்துத்தான் வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புக்குக் கம்பி சுற்றும்போதும் கம்பியைக் கைதான் வழிநடத்தியது. 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா என்ற பெண்மணி சுற்றிய பிக்கப்புகளை இன்றும் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். ஒன்றைப்போல இன்னொன்று ஒலிக்காது. அதை நான் மனதார மதிக்கிறேன். அந்த மதிப்பைத்தான் இந்த மனிதர் காசாக்குகிறார்.

அவர் சொல்லும் கதை இது. வால்பாறையில் தேயிலை எஸ்டேட் நடத்திய ஆங்கிலேயக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது, 1964ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் ஒன்றை எழுத்தரிடம் விட்டுப் போனதாம். எழுத்தரின் பேரனுக்கு அதன் அருமை தெரியாதாம். வெளியே விற்றால் பத்து லட்சத்துக்கு மேல் போகுமாம். “உங்களைப்போல மேடையில் வாசிக்கிறவர் கைக்குத்தான் தம்பி இது போக வேண்டும்” என்றார். நானும் அவரை அண்ணா என்றே அழைத்தேன். ஐம்பதாயிரம் முன்பணத்தைக் கைபேசி வழியாக அனுப்பினேன். மீதிக்கு, மஞ்சள் விற்ற பணத்தோடு மனைவி எடுத்த சீட்டுப் பணத்தையும் சேர்த்தேன்.

பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு பேக்கரியில், இரவு ஏழரை மணிக்கு மேல் சந்திக்கச் சொன்னார். வெளிச்சம் போதாது. சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை அவரே கொண்டுவந்திருந்தார். கழுத்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “அறுபது வருடமாக உட்கார்ந்த கழுத்து, எடுத்தால் ஒலியே போய்விடும்” என்றார். இது பச்சைப் பொய். இந்தக் கிட்டாரின் கழுத்து நான்கு திருகாணிகளில்தான் நிற்கிறது. பழுது பார்க்கும் எவரும் கழற்றி மாட்டுவார். கேட்டும் நான் வற்புறுத்தவில்லை. இன்றுவரை உறுத்துவது அதுதான்.

மறுவாரம் கோவையில் கிட்டார் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கழுத்தின் பின்புறத்தைத்தான் தடவினார். முதல் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிதான் ஃப்ரெட்) பன்னிரண்டாவது வரை ஒரே சீராக மெருகு போயிருந்தது. வாசிக்கிறவன் கட்டைவிரல் முதல் நான்கைந்து ஃப்ரெட்டில்தான் அதிகம் நிற்கும். அங்கேதான் அதிகம் தேயும். “இது உப்புத்தாள் தேய்த்த தேய்மானம்” என்றார். மேலே ஃப்ரெட் கம்பிகளில் தந்தி அறுத்த தடம் ஒன்றுகூட இல்லை. விரல்பலகைப் புள்ளிகள் முத்துப்போலப் பளபளத்தன. 1964இன் பிற்பகுதி வரை அவை மங்கிய களிமண் நிறத்தில்தான் இருந்தன.

பிறகு நான்கு திருகாணிகளையும் கழற்றினார். தலைப்பக்கம் துரு, மரத்துக்குள் இருந்த புரி புத்தம் புதிதாக மின்னியது. வால்பாறை மழை திருகாணியின் தலையை மட்டும் பார்த்துத் துருப்பிடிக்க வைக்குமா? கழுத்தின் அடிப்பாகத்தில், அந்தக் காலத்தவற்றில் ‘7 மார் 64 ஏ’ என்பதுபோல ஒரு மை முத்திரை இருக்கும். 7 ஜாஸ் பேஸைக் குறிக்கும். அடுத்தது மாதமும் ஆண்டும். ‘ஏ’ என்பது ஒல்லியான ஒன்றரை அங்குலக் கழுத்து. இதில் எந்த முத்திரையும் இல்லை. புதிதாக அறுத்த பலகையின் வெளிறல் மட்டுமே இருந்தது. கடைசியாக வால்யூம் கண்ட்ரோலின் முதுகைக் காட்டினார். அதில் 1379318 என்று பொறித்திருந்தது. 137 தயாரித்த நிறுவனத்தின் எண், 93 ஆண்டு, 18 வாரம். 1964இல் செய்த கிட்டாருக்குள் 1993இன் பொருள். ஒரு கண்ட்ரோலை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். ஆனால் கிட்டாரில் இருந்த மூன்று கண்ட்ரோல்களிலும் அதே எண்தான் இருந்தது.

கழுத்துத் திருகாணிகளுக்கு அடியில் உள்ள பின்தகட்டில் ‘எல்’ எழுத்தில் தொடங்கும் வரிசை எண் சரியாகத்தான் இருந்தது. அதை நம்பாதீர்கள். பழைய மாதிரியில் அச்சடித்த தகடுகள் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். அதன்பின் எண்ணை முடக்கிவிட்டார். கைபேசி வழியாகப் போன ஐம்பதாயிரத்துக்கு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். ரொக்கமாகக் கொடுத்ததற்குக் காவல் நிலையத்தில் ரசீது கேட்டார்கள். அவர் எழுதித் தந்த ரசீதில் ‘பழைய கிட்டார் ஒன்று’ என்று மட்டுமே இருந்தது. வாங்குகிறவர்கள் தயாரிப்பு, மாதிரி, ஆண்டு, வரிசை எண், போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழி எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். அதற்கு மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இந்தக் கிட்டாரில் இப்போதும் கச்சேரி வாசிக்கலாம், ஓரளவுக்கு நன்றாகவே ஒலிக்கிறது. முப்பதாயிரம் பெறும் என்றார் பெரியவர். சீட்டுத் தவணை இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

போன வாரம் ஈரோட்டு நண்பர் ஒருவர் படம் அனுப்பி, வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸாம். இந்த முறை குன்னூர் எஸ்டேட். படத்தில் கழுத்தின் பின்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது. முன்பணம் கேட்டிருக்கிறாராம். கழுத்தைக் கழற்றி, அடிப்பாகத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். நான்கு நாட்களாகியும் அந்தப் படம் வரவில்லை.