உப்புக்காற்றில் வால்வுக்கு கிரீஸ்: கையால் அடிப்பதா, தானாக ஊட்டும் கேனா, மையப் பம்பா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் வாலிநோக்கம் வரை உள்ள கடலோரத்தில் வால்வு இறுகிப்போனால் எல்லோரும் முதலில் சொல்வது "கிரீஸ் பத்தல" என்பதுதான். பாதி நேரம் அது சரியான காரணம் இல்லை. சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். பகலில் ஸ்டெம்மில் (வால்வைத் திறந்து மூடும் தண்டில்) காய்ந்து ஒட்டிய உப்பு இரவில் உப்புநீராகி, மறுநாள் மீண்டும் காய்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேரும். மணல் கலந்த கிரீஸ் மரைக்கு உயவு ஆகாது, அரமாகத்தான் வேலை செய்யும். அதனால் எந்த முறை நல்லது என்று பார்க்கும்போது, எவ்வளவு கிரீஸ் போகிறது என்பதைவிடப் பழைய கிரீஸ் வெளியே வருகிறதா, வால்வு அசைகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கை கிரீஸ் கன்னின் பெரிய பலம், அடிப்பவரின் கண். ஸ்டெம் மேலே ஏறி இறங்கும் கேட் வால்வில் முறை இது: கம்பி பிரஷ்ஷால் பழைய கிரீஸை உரித்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மரையின் அடிவரை துடைத்து, உலர விட வேண்டும். பிறகு மரையில் மெல்லிய பூச்சாகத் தடவி, யோக்கில் (ஸ்டெம்மைத் தாங்கும் மேற்சட்டத்தில்) உள்ள நிப்பிளை, அதாவது கிரீஸ் அடிக்கும் முனையைத் துடைத்துவிட்டு, புது கிரீஸின் நிறம் ஸ்டெம் நட்டின் விளிம்பில் தெரியும்வரை அடிக்க வேண்டும். முழுதாக ஒருமுறை மூடித் திறந்து, பிதுங்கி வந்ததைத் துடைக்க வேண்டும். நிப்பிளைத் துடைக்காமல் அடித்தால் அதன் தலையில் இருந்த மணலை நாமே உள்ளே தள்ளுகிறோம். ஸ்டெம்மைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் க்லாண்டில் கிராஃபைட் பேக்கிங் இருந்தால் அங்கே கிரீஸ் தேவையில்லை.

கன்னின் ஒரு அழுத்து எவ்வளவு தருகிறது என்பது கன்னுக்குக் கன் மாறும். 10 அழுத்து ஒரு தாளில் அடித்து, தராசில் நிறுத்து, பத்தால் வகுத்துக் கன்னின் உடலிலேயே எழுதிவைக்க வேண்டும். இன்னொன்று: லீவர் கன் எளிதாக 400 பார் அழுத்தம் தரும். கியர் பெட்டிக்கு அடிக்கும்போது வெளியேற்றும் பிளக்கைக் கழற்றாவிட்டால் சீல் பிதுங்கிவிடும், பிறகு அந்த வழியாகவே மழைநீர் உள்ளே போகும். கைமுறையின் உண்மையான பலவீனம் மறதி. ஏணி வைத்து ஏற வேண்டிய வால்வும், சேற்றில் நடந்து போக வேண்டிய உப்பளத்து மதகும்தான் முதலில் விட்டுப்போகும்.

அந்த இடத்துக்காகவே வந்தவை, ஒரே இடத்துக்குத் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக கிரீஸ் ஊட்டும் ஒற்றைப் புள்ளி கேன்கள். 125 மில்லி கேனை 12 மாதத்துக்கு வைத்தால் ஒரு நாளைக்கு 0.34 மில்லி போகும். வாயு உண்டாக்கித் தள்ளும் வகை ஏறத்தாழ 5 பார் தரும். மோட்டார் வகையில் சில 30 பார் வரை போகும். இந்தக் கரையில் வாயு வகைக்கு ஒரு குறை உண்டு. அதன் கால அட்டவணை பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. வெயிலில் நிற்கும் குழாயின் மேல் வைத்தால் 12 மாதக் கேன் அதற்கு வெகு முன்னரே தீரும். நிழல் மூடி கட்டாயம், அல்லது மோட்டார் வகைக்குப் போக வேண்டும். மோட்டார் வகையில் பேட்டரி முனையில் உப்பு பூக்காமல் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேன் பொருத்துபவர்கள் அதிகம் செய்யும் தவறு, காலிக் குழாயோடு இணைப்பது. உள் விட்டம் 4 மி.மீ. உள்ள 1 மீட்டர் குழாய் நிரம்பவே 12.6 மில்லி வேண்டும். நாளுக்கு 0.34 மில்லி வீதம் 37 நாள் வால்வுக்கு ஒரு துளியும் போய்ச் சேராது. குழாயைக் கை கன்னால் நிரப்பி, மறுமுனையில் கிரீஸ் வந்த பிறகே கேனைத் திருக வேண்டும்.

இதைவிட முக்கியம், கேனை எந்த வால்வில் வைக்கிறோம் என்பது. தினமும் பலமுறை திறந்து மூடும் மோட்டார் வால்வின் ஸ்டெம் நட்டுக்கு அது அருமையான துணை. குழாயின் ஒரு பகுதியைப் பிரித்து மூட மட்டும் வைத்த, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசையும் தனிமைப்படுத்தும் வால்வில் அதே கேன் கெடுதலே செய்யும். கிரீஸ் நட்டின் ஒரே பக்கத்தில் குவிந்து, பிதுங்கி, மணலைப் பிடித்துவைக்கும். மரையின் மற்ற பகுதி வறண்டே கிடக்கும். கிரீஸைப் பரப்புவது அசைவுதான், கேன் அதைச் செய்யாது.

மையப் பம்பு முறை பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் ஒரே இடத்தில் நெருங்கியிருக்கும் நீரேற்று நிலையத்துக்குப் பொருந்தும். பம்பின் கிரீஸைப் புள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பும் வரிசைப் பங்கீட்டுக் கட்டையில் ஒரு பிஸ்டன் நகர்ந்த பிறகே அடுத்தது நகரும். அதனால் ஒரு வாய் அடைத்தாலும் மொத்தமும் நின்று, அழுத்தம் ஏறி, பம்பின் பாதுகாப்பு வால்வு வழியாக கிரீஸ் கொட்டும். ஒரே உணரி எல்லாப் புள்ளிக்கும் காவல் என்பது இதன் நன்மை. ஆனால் அந்த எச்சரிக்கையை யாரும் பார்க்காத இடத்தில் ஒரு அடைப்பு எல்லா வால்வையும் பட்டினி போடும். சாதா எஃகுக் குழாய் இங்கே தாங்காது. 316 தரத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போட்டாலும் கிளாம்புக்கு அடியில் உப்பு தேங்கிக் குழி விழும். கிளாம்பைத் தளர்த்தி, நல்ல தண்ணீரில் கழுவி மாட்டுவதை வேலைப் பட்டியலில் எழுத வேண்டும்.

எரிவாயுக் குழாய்வரியில் இருக்கும் உயவிடும் பிளக் வால்வு இந்தப் போட்டியிலேயே சேராது. பெருங்குளம், வழுதூர் பக்கம் எரிவாயு வேலையில் இருப்பவர்கள் இதை அறிவார்கள். அதற்குள் போவது சீலன்ட், அதுவே அடைப்பும் உயவும். வரியின் அழுத்தத்தை மீறித் தள்ள வேண்டும் என்பதால் 5 பார் கேன் அங்கே பயன்படாது. அளவுமானி உள்ள உயரழுத்தப் பம்பு வேண்டும். பிளக் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். நடுவில் நின்றால் பள்ளங்கள் ஓட்டத்துக்குத் திறந்து, சீலன்ட் குழாயோடு போய்விடும். மானி ஏறி, சட்டென்று இறங்கினால் சீலன்ட் பள்ளத்துக்குள் பாய்ந்தது என்று பொருள். ஏறியே நின்றால் பழையது காய்ந்து அடைத்திருக்கிறது, வால்வு கிளீனரை ஊற விட வேண்டும். வரியில் அழுத்தம் இருக்கையில் ஃபிட்டிங்கைக் கழற்றக் கூடாது. குழாய் முனையில் கையும் வைக்கக் கூடாது. தோலைத் துளைத்து ஏறும் கிரீஸ் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அவசரம்.

முறை எதுவானாலும் தப்பான கிரீஸ் போட்டால் பயனில்லை. வெளிப்புற ஸ்டெம்முக்கு கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ 2 தரம் (கெட்டித்தன்மையின் அளவு), உப்புநீரை நன்றாகத் தாங்கும். குடிநீரைத் தொடும் இடத்தில் உணவுத் தரம் மட்டுமே. களிமண் அடிப்படை கிரீஸும் லித்தியம் கிரீஸும் கலந்தால் பெரும்பாலும் இளகி ஒழுகும். கேனுக்கு மாறும் நாளில் பழையதை முழுதாக வெளியேற்ற வேண்டும்.

இந்தக் கரைக்கு எங்கள் தேர்வு: அதிகம் அசைபவற்றுக்கு மோட்டார் கேன், நெருங்கி நிற்பவற்றுக்கு மையப் பம்பு, அசையாமல் நிற்கும் பெரும்பான்மைக்குக் கை கன்னும் ஆண்டுக்கு இரண்டு முறை முழுதாக மூடித் திறப்பதும். அதில் ஒன்று வாடைக்காற்றும் மழையும் வருமுன், செப்டம்பர் இறுதியில். மூட எத்தனை சுற்று என்று எண்ணி, வால்வின் தகட்டருகே பெயின்டில் எழுதுங்கள். அடுத்த முறை 2 சுற்று குறைந்தால் வால்வு மூடி உட்காரும் இடத்தில் மணல் இருக்கிறது. நீட்டுக் குழாய் போட்டு இறுக்காமல், சில சுற்று திறந்து நீரோட்டத்தில் அலச விட்டு மீண்டும் மூடுங்கள். திறந்து முடித்ததும் சக்கரத்தை அரைச் சுற்று திருப்பி விடுங்கள்.