சுங்குடிப் பாவாடைக்கு நைஃப் ப்ளீட்டா, பாக்ஸ் ப்ளீட்டா?

நைஃப் ப்ளீட் என்றால் எல்லாம் ஒரே பக்கம் சாயும் மடிப்பு; பாக்ஸ் ப்ளீட் என்றால் இரண்டு ஓரமும் எதிரெதிர்ப் பக்கமாக உள்ளே மடியும் பெட்டி மடிப்பு. இடுப்பு 70 செ.மீ. என்றால் இரண்டுக்கும் 210 செ.மீ. துணி வேண்டும், தையல் இடம் தனி. செலவு ஒன்றுதான், வித்தியாசம் சுங்குடிப் புள்ளிகள் தெரியும் விதத்தில்.

2 செ.மீ. நைஃப் ப்ளீட்டில் 4 செ.மீ. உள்ளே மறையும். மதுரைச் சுங்குடியில் கையால் முடிந்த புள்ளிகள் மடிப்போரத்தில் பாதியாக வெட்டுப்படும். மொத்தம் 35 மடிப்பு; ஒவ்வொன்றிலும் 1 மி.மீ. பிசகினால் இடுப்பில் 3.5 செ.மீ. போச்சு. நடக்கும்போது அசைவு மட்டும் அழகு. வெற்றுத்துணிக்கு இதுவே சரி.

பாக்ஸ் ப்ளீட்டில் வெளியே தெரியும் முகம் 7 செ.மீ., 10 மடிப்பு. சின்னப் புள்ளிக்கட்டம் முழுசாகத் தெரியும். சுங்குடிக்கு என் ஓட்டு இதற்கே.

பருத்தி என்பதால் இரண்டும் துவைத்தால் கலையும். பாலியெஸ்டர் மாதிரி சூட்டில் நிலைக்காது. லேசாகக் கஞ்சி போட்டுத் தேயுங்கள். இடுப்பிலிருந்து 10 செ.மீ. வரை மடிப்போரத்தில் தையல் போட்டுவிடுங்கள்.