கோதுமைத் தீவனத்துக்கான சைலனேஸ் நொதித் தூள்: ஒரு மழைக்கால மதிப்பீடு

செங்குன்றத்தை அடுத்த எங்கள் சிறிய கறிக்கோழிப் பண்ணையில், மக்காச்சோளம் விலையேறியபோது அதில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு உடைந்த கோதுமையைச் சேர்த்தோம். சில நாட்களிலேயே எச்சம் பசைபோல ஒட்டத் தொடங்கியது. பக்கத்து அரிசி ஆலைகளில் வாங்கித் தரையில் பரப்பிய உமி கட்டி கட்டியாக இறுகியது. ஐப்பசி மழையின் ஈரமும் சேர்ந்துகொள்ள, விடியற்காலையில் கொட்டகைக்குள் நுழைந்தாலே அம்மோனியா நெடியில் கண் எரிந்தது. மாதவரத்தில் ஒரு தீவனக் கடையில் இந்தச் சைலனேஸ் தூளை வாங்கியது அப்போதுதான்.

கோதுமையில் அராபினோசைலான் என்னும் நார்ப்பொருள் இருக்கிறது. அதில் நீரில் கரையும் பகுதி குடலுக்குள் கூழாகித் திரண்டு, செரிமான நொதிகள் தீவனத்தோடு நன்றாகக் கலக்க விடாமல் தடுக்கிறது. அதை உடைக்கும் நொதி கோழிக்குத் தானாகச் சுரப்பதில்லை. சைலனேஸ் அந்த நீண்ட சங்கிலியை இடையிடையே வெட்டுவதால் கூழின் பிசுபிசுப்பு தணிகிறது. மக்காச்சோளத்தில் இந்தக் கரையும் பகுதி மிகக் குறைவு என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக எங்களுக்கு இத்தொல்லை தெரியவில்லை.

அடுத்த பேட்சில் கொட்டகையை நடுவில் தடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் தூள் கலந்த தீவனம் வைத்தோம். மூன்றாம் வாரத்திலிருந்து அந்தப் பக்கத்து உமி கையில் எடுத்தால் உதிர்ந்தது. பாதப் புண்ணும் அங்கே குறைவாகவே இருந்தது. எடையில் கண்ட வேறுபாடு சிறிதே. எடைக்காக மட்டும் வாங்குவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோதுமையில் மஞ்சள் நிறமி அரிதென்பதால் வெளிறிய தோலையும் இத்தூள் மாற்றவில்லை. தோலுடன் கறி கேட்கும் வாடிக்கையாளர்கள் அதைக் கவனித்துக் கேட்கவும் செய்தார்கள்.

பெரிய குறை பொட்டலத்தில்தான். எந்த வெப்பம் வரை நொதி தாங்கும் என்று அதில் அச்சிடவில்லை. நாங்கள் மாவுத் தீவனமாகவே வைக்கிறோம், ஆகவே தப்பித்தோம். நீராவி பாய்ச்சிக் குச்சித் தீவனம் தயாரிக்கும்போது வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு, அதில் பாதுகாப்புப் பூச்சற்ற நொதி பெருமளவு செயலிழக்கக்கூடும். நொதியின் திறனைக் குறிக்கும் அலகும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. எண்ணைப் பார்த்து மட்டும் இரண்டு பொட்டலங்களை ஒப்பிட முடியாது. ஒரு டன்னுக்குச் சேர்க்க வேண்டிய தூள் மிகச் சிறிதளவே என்பதால், முதலில் சில கிலோ மாவில் நன்றாகக் கலந்து, பிறகே மொத்தத் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

மக்காச்சோளம் விலை இறங்கியதும் தூளை நிறுத்திவிட்டோம். பிரிக்காத ஒரு பொட்டலத்தை, அடுத்த ஐப்பசியை எண்ணி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.