ஆறு அறைகள், ஐந்து வருடங்கள்: ஒரு சின்ன கலை அருங்காட்சியகத்தோடு பழகிய அனுபவம்

ஐந்து வருடங்களாக ஒரே சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்வருகிறேன். சின்னது. ஆறு அறைகள், காணொளிக்கென்று ஓர் இருட்டறை, மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு நீளச் சுவர், அவ்வளவுதான். ஆண்டுச் சந்தா கட்டியிருப்பதால் மாதம் ஒருமுறையாவது போய்விடுவேன். “முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடிக்கிற இடத்துக்கு எதற்குச் சந்தா?” என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நானும் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தவள்தான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு படைப்பின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி சுமார் 27 வினாடி. பாதிக்குப் பாதி பார்வைகள் 17 வினாடியைத் தாண்டவில்லை. அன்றைக்கு என் கணக்கும் அதற்கு மேல் இருந்திருக்காது. பெரிய அருங்காட்சியகத்தில் அந்த அவசரம் புரிகிறது, இன்னும் நாற்பது அறைகள் காத்திருக்கும். ஆறே அறைகள் இருக்கிற இடத்தில் ஓட வேண்டிய தேவையே இல்லை என்பது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று.

அதை உறைக்க வைத்தது அந்த நீளச் சுவர். அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் 1968-இல் தொடங்கிய சுவரோவிய முறையைப் பின்பற்றி ஒருவர் செய்திருந்த படைப்பு அது. கலைஞர் குறிப்புகளை மட்டும் எழுதித் தருவார், சுவரில் கோடு இழுப்பது வேறு கைகள். நான் போன நாளில் வேலை பாதியில் இருந்தது. ஓர் இளைஞர் முட்டி போட்டு உட்கார்ந்து, மரச்சட்டத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து கோட்டுக்கு ஒருமுறை பென்சில் சீவல். தரையில் விரித்த துணி முழுக்கச் சீவல் சுருள்கள். அருகில் போய்ப் பார்த்தால் எந்த இரண்டு கோடும் ஒன்றுபோல இல்லை, கை களைத்த இடம் கோட்டிலேயே தெரிந்தது. பத்தடி பின்னால் வந்தால் சுவர் முழுவதும் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மெல்ல அசைவது போலிருந்தது. நான்கு மாதம் கழித்துக் கண்காட்சி முடிந்ததும் ரோலரை எடுத்து வெள்ளை அடித்துவிட்டார்கள். அந்த வகைப் படைப்புக்கு அதுதான் விதி. ஆனாலும் அன்றைக்கு மனசு கனத்துப்போனது.

அதற்குப் பிறகு அதே சுவரில் புகைப்படங்கள் வந்தன, துணிச் சிற்பம் ஒன்று தொங்கியது. ஆணி அடித்த ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்த இடங்கள் மாலை வெளிச்சம் சாய்வாக விழும்போது லேசாகத் தெரியும். எது எங்கே தொங்கியது என்று இப்போது என்னால் சொல்ல முடியும். புதிதாக ஒன்று வரும்போது, முன்பு அங்கே இருந்தவற்றோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்கிறேன். இந்தப் பழக்கம் பெரிய அருங்காட்சியகம் எதிலும் எனக்கு வாய்க்கவில்லை.

மூன்றாம் அறை இருட்டாக இருக்கிறது என்று பலரும் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அது குறை இல்லை. காகிதத்தில் செய்த படைப்புகளுக்கு வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். ஒளி செய்கிற சேதம் சேர்ந்துகொண்டே போகும், வெளுத்த சாயத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும். அந்த அறையின் காவலர் அம்மா ஒருநாள், “கொஞ்சம் இந்த ஓரமா வந்து பாருங்க, கண்ணாடியில உங்க நெழல் விழாது” என்றார். அவர் காட்டிய இடத்தில் நின்றபோதுதான், வெறும் கறை என்று நான் நினைத்திருந்தது நூறு மெல்லிய மை அடுக்குகள் என்று தெரிந்தது. நாள் முழுக்க அந்தப் படங்களோடு இருப்பவர்கள் காவலர்கள். கூச்சப்படாமல் அவர்களிடம் கேளுங்கள்.

இனி வருத்தங்கள். படைப்புகளுக்குப் பக்கத்தில் ஒட்டுகிற விளக்க லேபிள்கள்தான் முதலில். எழுத்து பொடி, மொழி கடினம். “அடையாளத்தைக் கேள்விக்குட்படுத்துகிறது”, “வெளியை மறுவரையறை செய்கிறது” என்று எந்தப் படைப்புக்கும் ஒட்டவைக்கக்கூடிய வாக்கியங்கள். எந்தப் பொருளால் செய்தது என்று சொல்கிற ஒரே வரிதான் எனக்கு உதவுகிறது. ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ் என்ற கலைஞர் 1991-இல் செய்த ஒரு மிட்டாய்க் குவியலுக்கு அந்த வரி இப்படி இருக்கும்: பலவண்ணத் தாள் சுற்றிய மிட்டாய்கள், முடிவில்லாமல் நிரப்பப்படுபவை. அதன் உத்தேச எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. எய்ட்ஸால் இறந்த தன் காதலர் ராஸின் பெயரைத் தலைப்பில் வைத்திருக்கிறார். பார்வையாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப்போகக் குவியல் கரையும். இந்த மூன்று விவரமும் தெரிந்தால் போதும், விளக்கவுரை வேண்டாம். தெரியாவிட்டால் அது வெறும் மிட்டாய். ஒரு லேபிள் எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்பது அவ்வளவு முக்கியம்.

அடுத்து இருட்டறை. எத்தனை நிமிடப் படம், எப்போது தொடங்கும் என்று வாசலில் எழுதாமலே இரண்டு வருடம் ஓட்டினார்கள். 38 நிமிடப் படத்தின் 31-ஆவது நிமிடத்தில் நுழைந்து, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் எழுந்து வந்திருக்கிறேன். கருத்துப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதினேன். இப்போது நேரம் எழுதிய சின்னத் தாள் ஒட்டியிருக்கிறார்கள், நன்றி. சத்தம் பக்கத்து அறைக்குக் கசிவதும், முதுகு சாய இருக்கை இல்லாததும் அப்படியேதான் இருக்கின்றன. வயதானவர்கள் பாதியில் எழுந்துபோவது படம் பிடிக்காமல் அல்ல.

கண்காட்சி மாற்றும் வாரங்களில் ஆறில் நான்கு அறைகள் பூட்டியிருக்கும், நுழைவுச்சீட்டு கொடுக்கும்போது சொல்லமாட்டார்கள். தொலைவிலிருந்து வருகிறவர்கள் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் ஒரு சுற்று வேகமாக நடந்துவிட்டு, கால் தானாக நின்ற ஒரே ஒரு படைப்புக்குத் திரும்பிப் போங்கள். பத்து நிமிடம் அதன் முன்னால் இருங்கள். மீதி அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும். நான் இந்த வாரமே போகிறேன். மூன்றாம் அறையின் மை ஓவியங்களைக் கழற்றி ஓய்வுக்கு இருட்டுப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம், காவலர் அம்மாதான் சொன்னார்.