‘உடம்பில் நஞ்சு’ என்று பணம் பறித்த நிலையம்: இரசாயன உணர்திறனால் அவதிப்படுவோருக்கு ஓர் எச்சரிக்கை

வாசனைத் திரவியம், சலவைத்தூள், புதுப் பெயின்ற், துப்புரவுத் திரவம் ஆகியவற்றின் நெடி பட்டவுடன் தலையிடி, நெஞ்சிறுக்கம், மூளை மந்தம் என்று அவதிப்பட்டு, குடும்ப வைத்தியரிடம் போய் “எல்லாம் நோர்மல்” என்ற பதிலுடன் திரும்பி வருபவர்கள் கனடாத் தமிழர்களிடையே, குறிப்பாகத் தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் இருக்கும் பெண்களிடையே, குறைவில்லை. அப்படி வெறுங்கையோடு திரும்புபவர்களைக் குறிவைத்து ரொறன்ரோப் பெரும்பாகத்தில் இயங்கும் தனியார் நிலையம் ஒன்றில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே முறையைக் கையாளும் இடங்கள் வேறும் இருப்பதால், பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

நான் ஸ்காபரோவில் வசிப்பவள். அலுவலகக் கட்டடங்களை இரவில் துப்புரவு செய்யும் வேலையில் பல வருடங்களாக இருந்தேன். கோவிட் காலத்தில் மேசை, கதவுப்பிடி, மின்தூக்கிப் பொத்தான் எல்லாவற்றிலும் கிருமிநாசினி விசிறச் சொன்னார்கள். அதன் பிறகே எனக்கு இருமல் தொடங்கியது. பிறகு பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் சென்ற் வாசனைக்குத் தலை சுற்றியது, கோயிலில் சாம்பிராணிப் புகைக்குத் தொண்டை இறுகியது, வீட்டில் சட்டை துவைக்கும் திரவத்தின் மணமே பொறுக்க முடியாமற் போயிற்று. குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்தார், நெஞ்சுப் படம் எடுப்பித்தார், ஒரு நீல இன்ஹேலரை எழுதித் தந்தார், மன அழுத்தமாக இருக்கலாம் என்றார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். என்ன திரவத்தைக் கையாளுகிறேன் என்று கேட்கவில்லை.

ரொறன்ரோவில் உள்ள பெண்கள் கல்லூரி வைத்தியசாலையில் 1996-இல் தொடங்கப்பட்ட சுற்றாடல் சுகாதாரப் பிரிவு ஒன்று இருக்கிறது. ஓஹிப் என்ற ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டையுடன், வைத்தியரின் பரிந்துரைக் கடிதத்தின் பேரில் அங்கே போகலாம். ஆனால் காத்திருப்பு நீளமானது. அந்தக் காத்திருப்புக் காலத்தைத்தான் தனியார் நிலையங்கள் தங்கள் சந்தையாக வைத்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

நான் போன நிலையத்தில் தமிழ் பேசும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தார். அன்பாகப் பேசினார், தண்ணீர் தந்தார், நான் சொன்ன எதையும் மறுக்கவில்லை. “அக்கா, உங்களை ஒருத்தரும் நம்பேல்ல, என்ன? நாங்கள் நம்புறம். உங்கட உடம்பில நஞ்சு ஏறிப்போய்க் கிடக்கு” என்றார். ஒரு பரிசோதனையும் செய்வதற்கு முன்னரே இதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். முதற் சந்திப்புக்கு 350 டொலர். அதற்குப் பிறகு ‘நச்சு நீக்கத் திட்டம்’ என்று 4,800 டொலருக்கு ஒரு பொதி, முற்பணமாக.

அந்தத் திட்டத்தின் அடித்தளம் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. முதலில் ஒரு குளிசையை விழுங்கச் சொல்லி, பின்னர் சில மணி நேரம் சேர்த்த சிறுநீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் ஈயமும் பாதரசமும் சிவப்புக் கட்டங்களில் வலது ஓரம் வரை நீண்டிருந்தன. அதைப் பார்த்து என் கணவருக்குக் கை நடுங்கியது. உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கும் என் மகள்தான் தாளின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினாள்: ஒப்பீட்டு அளவுகள் யாவும் குளிசை எடுக்காதவர்களின் சிறுநீரைக் கொண்டு வகுக்கப்பட்டவை. உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் அந்த மருந்தை விழுங்கினால் நம் ஒவ்வொருவர் உடலிலும் இருக்கும் சொற்ப ஈயமும் பாதரசமும் சிறுநீரில் கூடுதலாக வரத்தான் செய்யும். அதை மருந்து எடுக்காதவரின் அளவோடு ஒப்பிட்டால் தெருவில் போகும் யாரும் நோயாளிதான். நச்சியல் வைத்தியர்களின் சங்கமான அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி, இந்தச் சோதனை அறிவியல் முறையில் நிறுவப்படாதது, பயனற்றது, தீங்கும் விளைவிக்கலாம் என்று 2010-இல் வெளியான தன் அறிக்கையில் கூறியிருக்கிறது. ஈயம் உண்மையாகவே சந்தேகமாக இருந்தால் குடும்ப வைத்தியரே இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பிக்கலாம்.

அடுத்தது துளிச் சோதனை. எண்ணிட்ட சிறு குப்பிகளில் இருந்து ஒவ்வொரு துளியாக நாக்கின் கீழ் விட்டு, “இப்ப என்ன செய்யுது?” என்று கேட்பார்கள். ‘இது டீசல், இது ஃபோமல்டிஹைட்’ என்று சொல்லிவிட்டுத் துளியை விட்டால் தலை கனக்காமல் என்ன செய்யும்? இடையில் ஒரு குப்பியில் வெறும் தண்ணீரை வைத்து, அம்மாவுக்கும் உங்களுக்கும் எது எதுவென்று தெரியாமல் செய்து பாருங்கள் என்று மகள் கேட்டாள். “அது எங்கட முறையில்லை” என்று மறுத்துவிட்டார்கள். அவள் கேட்டதை ஆய்வாளர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. இம்முறையின் ஊசி வடிவத்தை 18 நோயாளிகளிடம் இரு தரப்பும் அறியாதபடி சோதித்து 1990-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உண்மையான கரைசலை ஏற்றியபோது 27 விழுக்காடு தடவைகளில் அறிகுறி தோன்றியது. வெறும் கரைசலை ஏற்றியபோது 24 விழுக்காடு தடவைகளில் தோன்றியது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே அதைப் படிக்க வேண்டும்.

இப்படி எழுதுவதால் இரசாயன உணர்திறன் என்ற இந்த வருத்தமே பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிக்காகோவில் தெரன் ரண்டொல்ஃப் என்ற ஒவ்வாமை வைத்தியர் 1950-களில் இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் கலன் 1987-இல் ‘மல்ட்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டி’ (பல இரசாயன உணர்திறன்) என்ற பெயரில் அதற்கு ஒரு வரையறை தந்தார். அன்றிலிருந்து இன்று வரை சர்ச்சை ஓயவில்லை. உலகச் சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் கிடையாது. மணத்தை மறைத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று, நோயாளிகள் இரசாயனத்துக்கும் வெறுங்காற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் எதிர்வினை காட்டினார்கள் என்றது. அந்த ஆய்வுகளின் வடிவமைப்பையே கேள்விக்கு உட்படுத்துவோரும் உண்டு. காரணம் எதுவானாலும் வேதனை மெய்யானது என்பதில் இரு தரப்புக்கும் பிணக்கில்லை. கனடிய மனித உரிமைகள் ஆணைக்குழு 2007-இல் சுற்றாடல் உணர்திறன் பற்றிக் கொள்கை வெளியிட்டு, அதனால் பாதிக்கப்பட்டோருக்கு வேலையிடத்தில் உரிய ஏற்பாடு செய்துகொடுக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. வைத்தியர்களே ஐயத்தோடு பேசும் ஒரு விடயத்தில், ஒரு துளிச் சந்தேகமும் இல்லாமல் பேசுகின்ற ஒருவர் கையில் விலைப்பட்டியலையும் வைத்திருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் போனது ஒரு புறம் இருக்கட்டும். இரண்டு ஆலோசனைகள் என் உயிருக்கே உலை வைத்தன. முதலாவது, இன்ஹேலரை நிறுத்தச் சொன்னது. அதை உந்தித் தள்ளும் வாயுவும் இரசாயனம், அதுவும் நஞ்சைக் கூட்டும் என்றார்கள். இரண்டாவது, வீட்டுக் காற்றைத் ‘துப்புரவாக்க’ 1,900 டொலருக்கு அவர்களே விற்ற இயந்திரம். படுக்கையறையில் அதை ஓட விட்டதும், ஒளிநகல் எடுக்கும் கடைக்குள் நுழைந்தாற்போல ஒரு கூரிய மணம் வந்தது. அது காற்றின் தூய்மை என்று விளக்கம் தந்தார்கள். உண்மையில் அது ஓசோன் வாயு. ஓசோன் சுவாசக் குழாயைப் புண்படுத்தும். அதை வேண்டுமென்றே உற்பத்தி செய்யும் இயந்திரங்களை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று ஹெல்த் கனடா எச்சரித்திருக்கிறது. வாசனைக்கே மூச்சு முட்டுகின்ற ஒருத்தியை மருந்தை நிறுத்தச் சொல்லி, அந்த வாயுவுக்குள் படுக்க வைத்தவர்களை என்னவென்று சொல்வது?

விளைவு, ஒரு நள்ளிரவில் மூச்செடுக்க முடியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகப்பட்டேன். முட்டு தணிந்த பின், அங்கிருந்த இளம் வைத்தியர் ஒருவர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: வேலை இல்லாத நாட்களில் எப்படி இருக்கும்? நத்தார் விடுமுறையில் கட்டடம் மூடியிருந்தபோது இருமல் ஏறக்குறைய நின்றிருந்ததை அப்போதுதான் நானும் நினைத்துப் பார்த்தேன். எந்தக் கிருமிநாசினி என்று கேட்டார். கைப்பேசியில் இருந்த போத்தலின் படத்தைக் காட்டினேன். பென்சல்கோனியம் குளோரைட் வகையைச் சேர்ந்தது, துப்புரவுத் தொழிலாளருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும் என்று அறியப்பட்ட பொருள் என்றார்.

அதற்குப் பிறகு நடந்த சோதனைகள் எதற்கும் நான் ஒரு சதமும் கட்டவில்லை. ஊதும் கருவி ஒன்றில் நாளுக்கு நான்கு தடவை ஊதி அளவைக் குறித்துவர வேண்டும்: வேலைக்குப் போகும் இரண்டு வாரம், போகாத இரண்டு வாரம். வைத்தியசாலையில் மெத்தகோலின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி உள்ளிழுக்கச் செய்து சுவாசக் குழாய் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்தார்கள். இந்தச் சோதனைகளுக்கு ‘இல்லை’ என்று சொல்லவும் தெரியும். அதனால்தான் ‘ஆம்’ என்றபோது நம்பினேன். முடிவு, தொழில்சார் ஆஸ்துமா. முட்டு வராமல் தடுக்கும் மருந்தை ஒழுங்காக எடுக்கிறேன், அந்தத் திரவத்தின் பக்கம் போவதில்லை. முட்டு பெரும்பாலும் அடங்கிவிட்டது. சென்ற் வாசனைக்கு வரும் தலைச்சுற்றும் மந்தமும் ஆஸ்துமாவால் முழுவதும் விளங்குவதில்லை என்று வைத்தியர் நேர்மையாகவே சொன்னார். அதற்காகப் பெண்கள் கல்லூரி வைத்தியசாலையின் வரிசையில் இன்னும் காத்திருக்கிறேன்.

துப்புரவு, நகப்பூச்சு, சிகை அலங்காரம், பெயின்ற், பிளாஸ்ரிக் தொழிற்சாலை ஆகிய வேலைகளில் இருப்பவர்கள் வேறு எங்கும் போவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். ஒன்ராறியோத் தொழிலாளர்களுக்கான தொழில்சார் சுகாதார நிலையங்கள் 1989 முதல் இலவசமாக இயங்கி வருகின்றன. வைத்தியரின் கடிதம் இல்லாமலே நீங்கள் அழைக்கலாம். கையாளும் திரவங்களின் பாதுகாப்புத் தரவுத்தாளைத் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. வேலையால் வந்த நோய் என்று தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வேலையிடக் காயங்களுக்கும் நோய்களுக்கும் இழப்பீடு வழங்கும் ஒன்ராறியோச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யிடம் கோரிக்கை வைக்க வேண்டும். ‘நஞ்சு நீக்கம்’ என்று அலைகின்ற மாதங்களில் அந்தக் கெடு ஓடிப்போகும் அபாயமும் இருக்கிறது.

கடைசியாக, பற்றுச்சீட்டு விவகாரம். பொதிக்கான பணத்தைக் கணவரின் வேலையிடக் காப்புறுதியில் எடுக்கலாம் என்று சொல்லி, நான் ஒரு நாளும் சந்திக்காத ஒரு பதிவுபெற்ற இயற்கை வைத்தியரின் பெயரிலும், எனக்கு ஒரு நாளும் செய்யாத மசாஜின் பெயரிலும் சீட்டுத் தந்தார்கள். கணவர் அவற்றை அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. போலிச் சீட்டைக் கொடுத்தால் பிடிபடுவது நிலையம் மட்டுமல்ல, கோரிக்கை வைத்தவரும்தான், வேலையே போகலாம். அந்தச் சீட்டுகளின் பிரதிகளை, இயற்கை வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோ இயற்கை வைத்தியர்கள் கல்லூரியிடம் முறைப்பாட்டுடன் ஒப்படைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட சீட்டுகளை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், காப்புறுதி நிறுவனம் உங்களைத் தேடி வருவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை பெற்று, நீங்களாகவே நடந்ததைத் தெரியப்படுத்துங்கள்.