எரிப்பதா, குழியா, புழுவா, மூடாக்கா: கடலோரத் தோட்டக் கழிவுக்கு எது ஒத்துவரும்?

உச்சிப்புளியில் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரையில் நாலைந்து வீடு என்று தோட்டப் பராமரிப்பு வேலை பார்க்கிறோம். நாங்கள் ஐந்து பேர், ஒரு லோடு ஆட்டோ. வீட்டுத் தோட்டம், விடுதிப் புல்தரை, சின்னத் தென்னந்தோப்பு எல்லாம் உண்டு. சாயங்காலம் கிளம்பும்போது வண்டி நிறைய தென்னை மட்டை, பாளை, பன்னாடை, வேப்பங்கிளை, பூவரசந்தழை, காகிதப்பூ முள், வெட்டின புல். இதை என்ன செய்வது என்று நாலு வழியில் முயன்று பார்த்துவிட்டோம். இதே கரையில் இதே வேலை பார்க்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

எது அதிகச் சத்துள்ள உரம் தரும் என்று கேட்டுத்தான் இவற்றை வழக்கமாக ஒப்பிடுவார்கள். ஆற்றுப் பாசன ஊருக்கு அது சரி. இங்கே முதலில் கேட்க வேண்டியது, எது குறைவான நல்ல தண்ணீரைக் குடிக்கும் என்பது. எங்கள் மணலில் மழைத் தண்ணீர் மேலாக ஒரு படலம்போல நிற்கிறது. அதற்கு அடியில் உப்புத் தண்ணீர். மேலே இருப்பதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருப்பது ஏறி வந்துவிடும். மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடுகிறது. குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு நடுவில், குப்பை மக்குவதற்காக அதே தண்ணீரை ஊற்ற எனக்கு மனசு வராது. ஆகவே என் அளவுகோல் தண்ணீர்தான். அடுத்தது உப்பு, அப்புறம் காற்று.

எரிப்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆரம்பத்தில் நாங்களும் எரித்தோம். தண்ணீர் வேண்டாம், இடம் வேண்டாம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆடி மாதம் ஒரு நாள், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தபோது, நாங்கள் வைத்த தீயிலிருந்து ஒரு பொறி பறந்து பக்கத்துக் கிடுகுக் கொட்டகையின் கூரையில் விழுந்தது. உள்ளே இரண்டு ஆடு கட்டியிருந்தது. ஓடிப்போய் மணலை வாரி இறைத்து அணைத்தோம். தவறு முழுக்க எங்களுடையது. அன்றோடு தீக்குச்சியை விட்டோம்.

அது நடக்காவிட்டாலும் விட்டிருக்க வேண்டியதுதான். எரித்தால் தழைச்சத்தும் கந்தகச்சத்தின் பெரும்பகுதியும் புகையோடு போய்விடும். மிஞ்சும் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் இருக்கும். புளிப்பான செம்மண்ணுக்கு அது நல்லது. கிளிஞ்சல் தூள் கலந்து ஏற்கெனவே காரத்தன்மையோடு கிடக்கும் கடற்கரை மணலுக்கு மேலும் காரம் எதற்கு? 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தோட்டக் கழிவைத் தெருவில் கொட்டுவதையும் திறந்த வெளியில் கொளுத்துவதையும் தடை செய்தன.

அடுத்தது மக்கு உரம். இதில் நாங்கள் கற்றுக்கொண்டது நிறைய.

குழியா, குவியலா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு மாதத்தில். கோடையில் மேலே குவித்தால் வெயிலும் காற்றும் சேர்ந்து இரண்டு நாளில் காயவைத்துவிடும். குழிதான் ஈரத்தைக் காப்பாற்றும். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் இடத்தில் இரண்டடி தோண்டினாலே ஊற்று வந்துவிடுகிறது. குழி தண்ணீரில் மூழ்கி, காற்றில்லாமல் அழுகி நாறும். அதனால் மாசி முதல் ஆவணி வரை குழி, மழை தொடங்கும் முன்பே மேட்டில் குவியல். இந்த ஒரு மாற்றத்தைச் செய்த பிறகுதான் எங்களுக்கு ஒழுங்கான உரம் கிடைத்தது.

கலவைதான் அடுத்த விஷயம். கரிமச்சத்து 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருந்தால் நன்றாக மக்கும். காய்ந்த தென்னோலையில் கரிமம் மிக அதிகம், தனியாகப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெட்டின பச்சைப் புல்லை மட்டும் போட்டால் இரண்டாம் நாளே கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஓலை அதிகமாக இருக்கும் நாளில் தழைச்சத்துக்கு எங்களிடம் உள்ள நல்ல வழி மீன் கழிவு. பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் வெட்டுகிற இடத்தில் செவுளும் குடலும் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். குவியலின் நடுவில் வைத்து, மேலே ஒரு அடிக்குக் குறையாமல் காய்ந்த சருகைப் போட்டு மூட வேண்டும். இல்லையென்றால் ஊர் நாய் எல்லாம் வந்துவிடும். கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம், அதன் உப்பு உரத்திலேயே தங்கிவிடும்.

சரியாக அடுக்கிய குவியலின் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டால் கையில் பிடிக்க முடியாது. அதுதான் எங்கள் சோதனை. இந்தச் சூட்டுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. ஆடு சீமைக்கருவேலங்காயைத் தின்றால் கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு வந்துவிடும். மக்காத ஆட்டுப் புழுக்கையைப் பூச்செடிக்கு வைத்த விடுதியில், அடுத்த மழைக்குச் செம்பருத்தி வரிசை முழுக்க சீமைக்கருவேலங்கன்று முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்றொன்றாகப் பிடுங்க இரண்டு பேருக்கு மூன்று நாள் ஆனது. புழுக்கையைச் சூடான குவியலின் நடுவில் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மக்கு உரத்தில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்புவது இந்தக் குவியலில்தான். தென்னையைச் சுற்றிப் பிழைக்கிற ஊரில், தென்னையின் குருத்தைக் குடையும் வண்டை நாமே வளர்த்துவிடக் கூடாது. புரட்டும்போது கண்ணில் படும் வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறோம். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குவியலில் கலந்தால் அது புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும். புரட்ட ஆள் இல்லை, நேரம் இல்லை என்பவர்கள் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் குவியல் போடவே வேண்டாம் என்பேன்.

மண்புழு உரத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. பொருள் அருமையானது, மறுக்க முடியாது. சாதாரண மக்கு உரத்துக்கு நாலு மாதம் ஆகிறது என்றால் இது இரண்டரை மாதத்தில் தயார். தென்னோலையைத் தின்னும் யூட்ரிலஸ் வகைப் புழுவைக் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்து பரப்பியிருக்கிறது. ஓலையைத் துண்டாக்கிச் சாணக் கரைசல் தெளித்து, இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டுப் பிறகு புழுவை விட்டால் நன்றாகவே தின்கிறது.

சிக்கல் தண்ணீர்தான். புழுத் தொட்டி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், உப்பு ஆகாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தெளித்த முதல் தொட்டியில் புழுக்கள் ஓரத்தில் ஏறி, பாதிக்கு மேல் வெளியே விழுந்து செத்துக் கிடந்தன. அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றினோம். சித்திரை வெயிலில் ஒரு தொட்டிக்குத் தினமும் மூன்று குடம் போனது. கீற்று நிழல், எறும்பு ஏறாமல் சுற்றி வாய்க்கால், எலிக்குக் கம்பி வலை வேறு. இவ்வளவும் செய்து நாங்கள் தீர்த்தது வாரத்தில் ஒரு நாள் வண்டி கொண்டுவந்த குப்பையை மட்டும். அதனால் இப்போது இரண்டே தொட்டி வைத்திருக்கிறோம். அந்த உரம் நாற்றுப் பைகளுக்கு மட்டும் போகிறது. சொந்தத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது, அவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

இனி மூடாக்கு, அதாவது ஓலையையும் சருகையும் செடியைச் சுற்றி மண்ணின் மேல் பரப்பி மூடுவது. என் தேர்வு இதுதான், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு.

குழியும் புழுவும் தண்ணீரைக் கேட்கின்றன, மூடாக்கு தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. தென்னை வருடத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மட்டை உதிர்க்கிறது. அந்த ஓலையும் தேங்காய் உரித்த மட்டையும் அதே மரத்தின் பாத்தியில் கிடந்தால் வண்டிச் செலவே இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நூறு உரிமட்டையை, வளைந்த முதுகு மேலே இருக்கும்படி பரப்புவது. மண்ணில் புதைப்பதானால் நேர்மாறு, குழிவான பக்கம் மேலே இருக்க வேண்டும். அப்போது மழைத் தண்ணீர் அதில் தேங்கி ஊறும். உரிமட்டை தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், புதைத்த மட்டை ஐந்து முதல் ஏழு வருடம் வரை பயன் தரும். தண்ணீர் நிற்காமல் ஓடும் மணலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வாடிக்கையாளரைச் சம்மதிக்க வைப்பது தனி வேலை. கீழக்கரையில் ஒரு வீட்டில் முதல் முறை பரப்பிவிட்டு வந்தபோது, வீட்டுக்கார காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) போனில் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, சுத்தம் பண்ணச் சொன்னா குப்பையப் பரப்பிட்டுப் போயிட்டீக?"

"ஒரு மாசம் பொறுங்க காக்கா. எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறோம்னு நீங்களே எண்ணிப் பாருங்க. பிடிக்கலைன்னா நானே வந்து அள்ளிடுறேன்."

தினமும் தண்ணீர் விட்ட மல்லிகைப் பாத்திக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை போதும் என்றானது. இப்போது சருகு குறைந்தால் அவரே கூப்பிட்டுக் கேட்கிறார். ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்து நட்டு, ஓலையைச் சிறிதாக நறுக்கிப் போட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும். இந்த அழகு விஷயத்தை நான் அலட்சியமாக நினைப்பதில்லை, அதற்குத்தான் நமக்குக் காசு தருகிறார்கள்.

மூடாக்கிலும் குறை உண்டு. கச்சான் காற்றில் வேப்பஞ்சருகு முழுக்கப் பறந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும். மேலே மட்டையைப் பாரமாக வைக்க வேண்டும். சவுக்குச் சருகு கிடைத்தால் நல்லது, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அசையாது. கரையான் வரும், அதனால் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விட்டுப் போட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வாசற்படி அருகிலும் தேள், பூரான் பயத்தால் நாங்கள் போடுவதில்லை. நறுக்கும் இயந்திரத்தை ஒரு தடவை வாடகைக்கு எடுத்தோம். தென்னோலையின் நார் சுழலும் தண்டில் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. இப்போது ஓலையை மட்டையிலிருந்து கழித்து, அரிவாளால் நறுக்குகிறோம். கிளைகளுக்கு மட்டும் இயந்திரம்.

முள்ளும் கட்டையும் இந்த எதிலும் சேராது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பழைய தொழில். அதைப் பார்த்து நாமும் சின்னக் குழியில் கரி செய்து மண்ணில் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்து பார்த்தோம். புகையைக் குறைக்கப் பழக்கம் வேண்டும், அணைக்கத் தண்ணீரோ நிறைய மணலோ வேண்டும், கரியும் சாம்பலைப் போலக் காரமானது. நேராக மண்ணில் போடாமல் மக்குக் குவியலில் கொஞ்சம் கலக்கிறோம், அவ்வளவுதான். நல்ல விறகுக் கட்டையைப் பருவத்தில் கருப்பட்டி காய்ச்சுபவர்களுக்குக் கொடுத்துவிடுவது எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. எப்படியும் எரியப்போகிற அடுப்பில் எரியட்டும்.

ஆட்டுக்குக் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். பூவரசு, அகத்தி, முருங்கைத் தழை மிஞ்சினால் பக்கத்து வீட்டு ஆத்தா வந்து கட்டிக்கொண்டு போவார். அரளி மட்டும் அந்தக் கட்டில் ஒரு இலைகூடக் கலக்கக் கூடாது, ஆடு செத்துவிடும். அரளியை வெட்டும் நாளில் அதைத் தனிச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும் என்று எங்கள் ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மருந்து அடித்த செடியின் தழையும் அப்படித்தான்.

ஆக எங்கள் வழக்கம் இப்போது இப்படி. வெட்டும் இடத்திலேயே பிரிக்கிறோம். ஓலை, சருகு, உரிமட்டை அங்கேயே மூடாக்கு. ஈர்க்கு உரிக்க ஆள் இருக்கும் வீட்டில் ஓலையின் ஈர்க்கு விளக்குமாறாகிறது. புல்லும் பச்சைத் தழையும் மட்டும் வண்டி ஏறிக் குவியலுக்கு வருகிறது. முன்பு தினம் ஒரு லோடு ஏற்றியவர்கள் இப்போது வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று லோடுதான் ஏற்றுகிறோம். டீசல் மிச்சம், ஆள் நேரம் மிச்சம். தொழிலாகப் பார்த்தால் உரம் விற்று வரும் காசைவிட இந்த மிச்சம்தான் பெரிது.

சலித்த உரத்தை வாடிக்கையாளர் வீட்டுக்கே திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்கிறோம். கடலோரத் தழையிலேயே உப்பு படிந்திருக்கும், மக்க மக்க அது உரத்தில் சேரும். ஒரு தொட்டியில் உரமும் மழையில் அலசின மணலும் சரிபாதி கலந்து பத்துப் பாசிப்பயறு ஊன்றுவோம். நாலைந்து நாளில் குறைந்தது எட்டு முளைத்து, இலை நுனி கருகாமல் இருந்தால் உரம் வெளியே போகும். முளைப்பு குறைந்தால் அந்தக் குவியலை மேட்டில் திறந்துபோட்டு, ஒரு கார்த்திகை மழை நனைந்து உப்பு கழுவிப் போகும் வரை விட்டுவைப்போம்.