பழைய சலான் காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லி 4,200 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள், உஷார்

இப்போதுதான் ஆர்டிஓ ஆபீஸ் பக்கத்திலிருந்து வந்தேன், கோபத்தில் கை இன்னும் நடுங்குகிறது, அதே சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

ஸ்கூட்டரை விற்கலாம் என்று பார்த்தால் அதன் மேல் ஐந்து சலான் (போக்குவரத்து அபராத நோட்டீஸ்) நிலுவை. ஹெல்மெட் போடாமல் இரண்டு தடவை, தலா 1,000. போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்கு 1,000, சிக்னலுக்கு 500, இன்சூரன்ஸ் முடிந்தபின் மாட்டியதற்கு 2,000. மொத்தம் 5,500. ஓட்டியது என் தம்பி. ஆர்சியில், அதாவது வண்டிப் பதிவுச் சான்றில், என் பழைய போன் நம்பர் இருந்ததால் ஒரு மெசேஜ்கூட எனக்கு வரவில்லை. தப்பு எங்கள் மேல்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை என்று போர்டு மாட்டிய ஒரு கடை. அப்பாவும் கூட வந்திருந்தார், அவருக்கு முட்டி வலி. கடைக்காரர் உடனே எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டு, தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார். நான் நம்பியது அந்த இடத்தில்தான். "சார், இதெல்லாம் ஆறு மாசம் தாண்டியாச்சு, சட்டப்படி காலாவதி. கோர்ட்டில் சொல்லி ஃபைலை மூடணும், அவ்வளவுதான். 4,200 கொடுங்க, மூணு நாளில் கிளியர்." ஜிபேயில் போட்டேன். மூன்று நாள் கழித்து சீல் வைத்த ஒரு தாள் தந்தார், சீல் மை காயாமல் என் கட்டைவிரலில் ஒட்டியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் போனால், கவுன்டரில் இருந்த ஊழியர் அம்மா ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். ஐந்தும் பென்டிங், அதில் இரண்டு கோர்ட்டுக்கே போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு வாரம் அலைச்சல். கடைக்காரர் முதலில் "சர்வர் டவுன்" என்றார், அப்புறம் "திங்கட்கிழமை அப்டேட் ஆகிடும்", அப்புறம் போனையே எடுக்கவில்லை. இன்று நேரில் போய் நின்றால், "எந்த 4,200? டைப்பிங் சார்ஜ்தானே கொடுத்தீங்க?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார், அதுவும் அப்பா எதிரில்.

அந்த ஆறு மாத விஷயத்தை ஒரு வக்கீலிடம் கேட்டேன். வெறும் அபராதம் மட்டுமே தண்டனை என்றால், அது ஆறு மாதத்துக்குள் கோர்ட்டில் தாக்கலாகியிருக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 468, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் பிரிவு 514. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஜெயிலும் உண்டு என்பதால் அதற்கு ஒரு வருடம். ஆனால் அதைக் கோர்ட்டில் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், சலான் தானாக அழியாது. உரிய காலத்துக்குள் கோர்ட்டில் தாக்கலாகிவிட்டால், அதற்கப்புறம் நாள் கடந்துவிட்டது என்பதற்காக சம்மன் செல்லாமல் போகாது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சலானை அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தும் கேட்கும். கோர்ட்டுக்குப் போனது விர்ச்சுவல் கோர்ட் (ஆன்லைன் கோர்ட்) தளத்தில் இருக்கும். பணம் கட்டினால் அங்கே நிலவரம் மாற வேண்டும், தாளை நம்பாதீர்கள். ஆர்சியில் போன் நம்பரை மாற்றுங்கள். சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள்.

4,200 போனது போனதுதான், அதற்கு மேல் 5,500-ம் பாக்கி நிற்கிறது. ஜிபே ரசீதோடு நாளைக் காலை ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.